பழைய கணினிக்கு மூன்று சாட்சிகள்

அஸ்கத் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கணினியில் செருகியதுமே நான் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டேன்.

"அழிக்கத்தானே வந்தே? இது எதுக்கு?" என்றேன்.

"அக்கா, எந்த டிஸ்கிலிருந்து கணினி கிளம்புதோ, ஓடிக்கிட்டிருக்கும்போது அதையே அழிக்க முடியாது. உக்காந்திருக்கிற கம்பளத்தை நீங்களே உருவ முடியுமா? எந்திரிக்கணும்ல. அதான் இதிலிருந்து கிளப்புறேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவர்களும் நியாயமாகத்தான் பேசுவார்கள். போதாததற்கு இவன் எங்கள் அலுவலக இயக்குநர் எசன்பாயின் மனைவிக்குச் சித்தப்பா மகன்.

எங்கள் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் நாற்காலிக் கால் உடைந்தால்கூட மூன்று பேர் குழு கூடிக் கையெழுத்துப் போட்டால்தான் அதைக் கழிக்க முடியும். கணினிக்கும் அதே சட்டம். டிஸ்கை அழிப்பதற்குக் கணினி பழுதுபார்க்கும் அஸ்கத், பார்த்திருக்கப் பதிவேடு எழுதும் நானும், கிடங்கையும் அறைகளைச் சூடாக்கும் அடுப்பையும் கவனிக்கும் உம்சுனாய் அக்காவும். அக்கா வந்த கையோடு ஊசியை எடுத்துக் காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

நான் பதிவேடு எழுதிவந்த கணினி அது; அந்த டிஸ்கில் என் கடிதம் இருந்தது. குளிர்பெட்டி பழுதாகிக் கெட்டுப்போன தடுப்பூசி மருந்தை, தெரிந்தே மேய்ச்சல் நிலங்களுக்கு அனுப்பினார் எசன்பாய். அதைப் பெயர் போடாமல் தலைநகர் பிஷ்கெக்குக்குப் புகாராக எழுதியது நான். விசாரணைக்கு ஆள் வந்து போன மறுநாள், "எழுதினது யாருன்னு தெரியட்டும், இந்த மாவட்டத்துல அவங்களுக்கு ஆடு மேய்க்கிற வேலைகூடக் கிடைக்காது" என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள், வேலையில்லாத கணவர். அச்சிட்டபோது முதல் தாள் மங்கலாக வந்தது, குப்பைக்கூடையில் போட்டேன். கூடையில் விழும் தாளெல்லாம் மறுநாள் காலையே உம்சுனாய் அக்காவின் அடுப்புக்குப் போய்விடும். ஆனால் கணினியில் நீக்கியதைத் திரும்பத் தோண்டி எடுக்கலாமாமே. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

திரையில் நாலு சதவீதம் என்று வந்தது.

"மூணு மணி நேரமாகும். போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றான் அஸ்கத்.

நான் நகரவில்லை. டீ குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும், கழிப்பறையோ முற்றத்தின் கோடியில். அந்த ஐந்து நிமிடம் அவனுக்குப் போதும். பென்டிரைவில் பச்சை விளக்கு மினுக்கும்போதெல்லாம் என் கடிதம் வரி வரியாக அதற்குள் இறங்குவதாகவே பட்டது.

"ஏன்டி நுர்சாத், பால் பொங்குறதைப் பாக்குற மாதிரி பாக்குறே? உன் சீர்வரிசையா அதுக்குள்ள இருக்கு?" என்றாள் உம்சுனாய் அக்கா. மடியில் நூல்கண்டு உருண்டு உருண்டு இளைத்துக்கொண்டிருந்தது.

"சும்மா, கத்துக்கலாம்னுதான்."

நூறு சதவீதம் ஆனதும் அவன் கணினியை மறுபடி போட்டுக் காட்டினான். கறுப்புத் திரையில் ஒற்றை வரி, கிளம்ப எதுவுமில்லை என்று. பென்டிரைவைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான்.

"வச்சுக்கங்க. வீட்டுல யார்கிட்டயாவது போட்டுப் பாக்கச் சொல்லுங்க. மூணு மணி நேரமா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரியே பாத்தீங்க."

வெட்கமாக இருந்தது. அதைவிட, பிழைத்தேன் என்றிருந்தது. குழுவின் கழிப்புப் பத்திரத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது விரல்கள் லேசாகிவிட்டன.

முத்திரை குத்த எசன்பாய் உள்ளே வந்தார். அவருக்கு வழிவிட உம்சுனாய் அக்கா காலை மடக்கினாள். மடியிலிருந்த கண்டு விழுந்து உருண்டது. அதில் நாலைந்து சுற்று நூல்தான் மிச்சம். நடுவில், நூல் சுற்றுவதற்காகக் கட்டையாக மடித்து வைத்த ஒரு தாள். அதன் மடிப்பில் மங்கலாக அச்சான எழுத்துகள். 'குளிர்பெட்டி' என்பது வரை என்னால் படிக்க முடிந்தது.

அடுப்புக்குப் போகவேண்டிய தாள். படித்துவிட்டு எடுத்து வைத்தாளா, கைக்குக் கிடைத்ததென்று சுற்றினாளா? அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கண்டு எசன்பாயின் காலணியில் முட்டி நின்றது.

"உங்க நூல், அக்கா" என்று அவர் குனிந்து எடுத்தார்.

நூலின் மறுமுனை ஊசியில் இருந்தது. உம்சுனாய் அக்கா அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.