பகுதி, விகுதி, நிக்கலஸ்

டிலக்ஷி வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் வெள்ளவத்தைப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்த அன்றே பெருமையடித்துவிட்டாள். "என்ர ஹஸ்பண்ட் கனகாலமா பாரிஸில, மிஸ். பிரெஞ்சு அவருக்குத் தண்ணி பட்ட பாடு." கலியாணம் முடிந்த கையோடு நிக்கலஸ் திரும்பிப் போயிருந்தான். அங்கே போய் ஊமையாக நிற்கக் கூடாது என்று அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து படித்தாள்.

ஒரு சனிக்கிழமை யூஜினா மிஸ் 'பேசுகிறோம்' என்ற பிரெஞ்சு வினைச்சொல்லை வெட்டிக் காட்டினார். "காதுக்கு இது பார்-லோன், ரெண்டு அசை. சொல்லை உடைச்சாப் பார்ல் பகுதி, ஓன் விகுதி. அசை பிரியிற இடத்தில சொல் பிரியாது. தமிழில பகுபதம் படிச்சனீங்கள்தானே?" ஆளுக்கேற்ப விகுதி மாறும் என்பது டிலக்ஷிக்குச் சட்டென்று பிடிபட்டது. தலைகால் புரியாத சந்தோஷம்.

"உங்கட ஹஸ்பண்டை எடுங்கோவன், பாரிஸ் பிரெஞ்சு எப்பிடியெண்டு கேப்பம்" என்றார் மிஸ், ஆசையாகத்தான்.

டிலக்ஷி வீடியோ கோல் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி போனை மேசையில் நிறுத்தினாள். நிக்கலஸ் உணவகச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எங்கே வேலை, எப்போது முடியும் என்று மிஸ் பிரெஞ்சில் கேட்டார். அவன் தயங்காமல், சத்தமாக, "முவா த்ராவாயே இசி. முவா ஃபினீர் மினுயி" என்றான். நான் வேலைசெய்தல் இங்கே, நான் முடித்தல் நடுச்சாமம். எந்த வினைக்கும் ஆளுக்குரிய விகுதி இல்லை. இத்தனை வருடமும் அடுப்படியில் அப்படியே பேசி உழைத்திருக்கிறான், ஒருவரும் திருத்தவில்லை.

வகுப்பு சிரித்தது. அதை விடலாம். டிலக்ஷியும் சிரித்தாள், மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக. தனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டுமே! "அப்பிடியில்லை, ழ த்ராவாய்!" என்று விகுதியோடு திருத்தியும் விட்டாள்.

"ஓம் ஓம், நீர் படிச்ச ஆள்தானே" என்று அவனும் சிரித்தான். முகம் கறுத்துப் போயிருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வெட்கம் அவளைப் பிடித்தது. விகுதி இல்லாத அந்தப் பேச்சால் அவன் உழைத்த காசில்தான் அவள் விகுதி படிக்கிறாள். கட்டியவனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று கூசிக் குறுகினாள். பம்பலப்பிட்டி வருமுன் மறுபடி வீடியோ கோல் எடுத்தாள்.

"சொறி. நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"அதுக்கென்ன, விடும்" என்றான். கோபமே இல்லை. அது இன்னும் சுட்டது.

அவனுக்குப் பின்னால் முதலாளி ஏதோ கேட்டுக் கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்த நிக்கலஸ், திரையிலிருந்த அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு விரலை நீட்டித் தன் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

அவன் உதடு அசைந்தது. முதலாளி தலையாட்டினார், அவருக்கு விளங்கியிருக்கிறது. டிலக்ஷிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.