நீர்நாய்க்கு எதிராக நார்பர்ட்

1.
முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சமையலறை ஜன்னல் வழியாகக் கிடைத்தது. டொலீடோவில் எங்கள் தெரு வீடுகள் அவ்வளவு நெருக்கம். பக்கத்து வீட்டு டோலோரஸ் கணவரைத் திட்ட ஆரம்பித்தால் என் காபி ஆறிவிடும். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

2.
ஆரம்பம், முதல் முயற்சி: “அக்டோபரின் பொன்னிற இலைகள் மெல்ல உதிர்ந்துகொண்டிருந்த ஒரு…”

வேண்டாம். அந்த இலைகளை வாரவே ஆளில்லை.

இரண்டாவது: நார்பர்ட் பலூக், டோலோரஸின் கணவர், அறுபத்தாறு வயது, கண்ணாடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். பழுதான வீட்டு ஹீட்டரை மாற்ற முன்பணமாக வைத்திருந்த ஆயிரத்து எண்ணூறு டாலரை ஒரு சினிமாவின் மேல் கட்டினார். டிவியில் மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படங்களில் இந்த வாரம் எது முதலிடம் என்று கணிக்க ஒரு சந்தை இருக்கிறது. அங்கே.

(செல்போனிலேயே சீட்டு வாங்கலாம். சொன்ன படம் முதலிடம் வந்தால் சீட்டுக்கு ஒரு டாலர்; வராவிட்டால் பூஜ்யம். இவர் எழுபத்திரண்டு சென்ட் வீதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினார். பட்டியல் செவ்வாய்க்கிழமை வரும்; அதுவரை சீட்டை அன்றன்றைய விலைக்கு விற்றுவிடவும் செய்யலாம். இதற்குமேல் எனக்கொன்றும் தெரியாது என்று சொல்ல ஆசைதான்.)

3.
இங்கேதான் கதாபாத்திரம் என் பேச்சைக் கேட்க மறுத்தது. நான் அவரைச் சூதாடி ஆக்கப் பார்த்தேன், அவர் உழைப்பாளியாகிவிட்டார். பணம் கட்டியது ஒரு நீர்மூழ்கிக் கப்பல் படத்துக்கு. திங்கட்கிழமையிலிருந்து முன்னறையில் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அவ்வப்போது படம் நின்று, “இன்னும் பார்க்கிறீர்களா?” என்று திரை கேட்கும். ஆமாம் போட ஆள் வேண்டுமே! நாற்காலியை விட்டு எழவில்லை.

“நம்ம ஒரு வீட்டுல ஓடினா முதலிடம் வந்துடுமா?” என்றார் டோலோரஸ்.

“ஒவ்வொரு வீடும் கணக்குதான்.”

“ஓட்டா போடுறே? கால தூக்கு, கம்பளத்த சுத்தம் பண்ணணும்.”

4.
வியாழக்கிழமை டோலோரஸ் வேலியோரம் என்னிடம் கொட்டித் தீர்த்தார். பகலில் பார்த்துக்கொள்ளச் சொல்லி மகள் விட்டுப்போகும் பேத்திக்கு நாலு வயது.

“முன்னறையில அந்த மனுஷனோட கப்பல். சமையலறையில இவளோட நீர்நாய் கார்ட்டூன். இன்னியோட ஏழாவது தடவ, கண்ணு! நிறுத்தினா வீடே இடியுது.”

அந்த நீர்நாய்ப் படமும் அதே பட்டியலில்தான். பட்டியல் போடுகிறவர்கள் ஆட்களை எண்ணுவதில்லை. பார்த்த மொத்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுக்கிறார்கள். ஒரே குழந்தை ஏழு தடவை பார்த்தால், ஏழு. பெரியவர் யாராவது அந்தக் கப்பலை இரண்டாம் தடவை பார்ப்பாரா, நார்பர்ட்டைத் தவிர? விமர்சனம், விதிமுறை, முந்தைய வாரப் பட்டியல் என்று எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தவர், தன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எழுதுகிற எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

5.
ஞாயிறு மதியம். கப்பல் சீட்டின் விலை நாற்பது சென்ட்டுக்கு விழுந்திருந்தது; நீர்நாய் ஏறிக்கொண்டிருந்தது.

“இப்பவே வித்துடு. ஆயிரமாவது மிஞ்சும்.”

“நீர்நாய் பிள்ளைங்க படம், டோலோரஸ்.”

“ஆமா. பிள்ளைங்களுக்கு வேலையா வெட்டியா? நாள் பூரா பாக்கும்.”

“செவ்வாய் வரைக்கும் பொறு.”

“குளிர் பொறுக்குமா? நேத்து கோட்டோட தூங்கினேன். உன் கப்பல்ல ஒரு படுக்கை காலியிருக்கான்னு கேளு, போய்ப் படுத்துக்கறேன்.”

நார்பர்ட் செல்போனை எடுத்தார். விரல் ‘விற்க’ என்ற பொத்தானுக்கு மேலே போய் நின்றது. சமையலறையில் நீர்நாய் மறுபடியும் பாட ஆரம்பித்தது.

6.
முடிவு (அ): விற்றுவிட்டார். செவ்வாயன்று கப்பலே முதலிடம். டோலோரஸ் ஆயுளுக்கும்…

முடிவு (ஆ): விற்கவில்லை. நீர்நாய் முதலிடம். ஆயிரத்து எண்ணூறும் போயிற்று.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். (அ)வை முடிக்கவே முடியவில்லை. (ஆ) தானாக ஓடியது. அதுதான் சிக்கல்.

வியாழக்கிழமை வேலியோரம் பேசி முடித்ததும் நான் செய்திருக்க வேண்டியது, நார்பர்ட்டிடம் விஷயத்தைச் சொல்வது. செய்தது, வீட்டுக்குள் போய் நீர்நாய்ப் பக்கம் இருபத்தெட்டு சென்ட் வீதம் இருநூறு சீட்டு வாங்கியது.

ஆகவே இந்தக் கதையை நான் முடிப்பது நியாயமில்லை. நீங்கள் எந்தப் பக்கமும் வாங்கவில்லைதானே? அப்படியானால் அவர் விரலை நீங்களே அழுத்துங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். எதுவானாலும் சீக்கிரம். இதை எழுதி முடிப்பதற்குள் விலை முப்பத்தெட்டாகிவிட்டது.