செத்துப் போன சோடா

சோடா கம்பெனியில் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அவர் ‘நாக்கு’. புதிதாக அடைத்த சோடாவில் ஒரு டம்ளர் அவர் மேஜைக்கு வர வேண்டும். ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, “போகலாம்” என்று அவர் சொன்னால்தான் சரக்கு வாசலைத் தாண்டும்.

கேஸ் ஏற்றும் மெஷினைப் பார்த்துக்கொண்டவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவர் நாக்குதான். அதை அடிக்கடி சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

ஒரு மாலை, தெருவிளக்கைச் சுற்றி அவருக்கு வானவில் தெரிந்தது. வலது கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலி. கூடவே குமட்டல். மனைவி அவரைக் கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

“கண்ணுக்குள்ள தண்ணி சுரந்துக்கிட்டே இருக்கு, வெளிய போற வழி அடைச்சுக்கிச்சு” என்றார் டாக்டரம்மா. “அழுத்தம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. சொட்டு மருந்தோட இந்த மாத்திரையும் போடுங்க. சுரக்கறத குறைக்கும். கண்ணு தெளிஞ்சதும் லேசர்ல சின்னதா ஒரு ஓட்டை போட்டு வழி பண்ணிடலாம். அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. விரல் மரமரன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அப்புறம்...”

அப்புறம் என்ன என்பது நாக்கின் காதில் விழவில்லை. அவர் வாந்தியெடுக்க வாளி தேடிக்கொண்டிருந்தார்.

மாத்திரை கேட்டது. வலி அடங்கியதும் அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. “நான் போகலைன்னா வெறும் தண்ணிய அடைச்சு அனுப்பிடுவானுங்க” என்று கிளம்பிவிட்டார். விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. மேஜைக்கும் கழிப்பறைக்கும் நடந்ததில் செருப்பு தேய்ந்தது. நடுவில் வந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சியவர், அப்படியே துப்பினார்.

“மாப்ளே! இது சோடாவா, ஆணி ஊறவெச்ச தண்ணியா? கேஸு எங்கடா? செத்துக் கெடக்கு சோடா!”

“மீட்டர் முள்ளப் பாருங்க மாமா. எப்பவும் நிக்கற எடத்துலதான் நிக்குது.”

“முள்ளு பொய் சொல்லும். நாக்கு சொல்லாது. ஏத்து!”

ஏற்றினான். போதவில்லை. இன்னும் ஏற்றினான்.

“இதுக்கு மேல பாட்டிலு தாங்காது மாமா.”

“பாட்டிலு தாங்கும். ஒன் வாயத்தான் தாங்க முடியல. ஏத்துடா!”

அன்று பார்த்து முதலாளியம்மா ஒரு பெரிய ஓட்டல்காரரை அழைத்து வந்திருந்தார். “எங்க சரக்க நீங்களே பாருங்க” என்று பெருமையாக ஒரு பாட்டிலைத் திறந்தார். மூடி பறந்து போய் விளக்கை உடைத்தது. சோடா கூரை வரைக்கும் எழும்பி, யோசித்துப் பார்த்து, ஓட்டல்காரரின் வழுக்கையில் இறங்கியது.

“கேஸு நல்லாத்தான் இருக்கு” என்றார் ஓட்டல்காரர், காதைத் துடைத்துக்கொண்டே.

மிச்சமிருந்ததை வாங்கிக் குடித்த நாக்கு உதட்டைப் பிதுக்கினார். “இல்லீங்க. இதுலயும் பத்தல.”

முதலாளியம்மா மச்சினனைத்தான் பிடித்துக்கொண்டார். திட்டு வாங்கிய கையோடு அவன் நேராக அக்காவிடம் போய் அழுதான்.

நாக்கு வீடு திரும்பியபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். “என் தம்பிக்கு மூளை கம்மின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். வேலையில கொறை சொல்லாதீங்க!”

“நீயே குடிச்சுப் பாரு” என்று கொண்டுவந்த பாட்டிலை நீட்டினார்.

ஒரு மடக்குதான் குடித்தாள். கண்ணில் நீர் வந்தது, மூக்கில் சோடா வந்தது, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி ஓர் ஏப்பம் வந்தது. “இதுவா செத்த சோடா?”

நாக்கு கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். கண் போனாலும் இன்னொரு கண் இருக்கிறது, நாக்கு ஒன்றுதானே?

மறுநாள் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்ன வேலை பாக்கறீங்க?” என்றார். சொன்னதும் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார்.

“அன்னைக்கே சொன்னேனே! சோடா கேஸு நாக்குல பட்டா, அங்க இருக்கற ஒரு என்சைம் அதப் புளிப்பா மாத்தும். அதனாலதான் சுருக்குன்னு ஏறுது. கண்ணுல தண்ணி சுரக்கவும் அதே என்சைம்தான். மாத்திரை அதக் கட்டிப்போடுது. அதுக்குக் கண்ணு எது, நாக்கு எதுன்னு தெரியுமா? ஒசர மலை ஏறறவங்களுக்கும் இதத்தான் குடுப்போம். உச்சியில போய் பீர் ஒடைச்சா அவங்களுக்கும் சப்புன்னுதான் இருக்கும்.”

“அப்ப மாத்திரைய நிறுத்திடட்டுமா?”

“கண்ணு வேணுமா, சோடா வேணுமா?”

நாக்கு கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல யோசனை வேறயா!” என்று மனைவி தொடையில் கிள்ளினாள்.

மறுநாள் நாக்கு மெஷின் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமினார். “முள்ளு சரியாத்தான் இருந்துச்சு” என்று முணுமுணுத்தார்.

“மெஷின் சத்தத்துல கேக்கல மாமா!”

“தப்பு ஒம்மேல இல்ல.”

“என்னது?”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அந்த நொடி பார்த்து மச்சினன் மெஷினை நிறுத்தினான். “தப்பு என் நாக்கு மேலதான்டா!” என்பது நிசப்தமான கொட்டகை முழுக்க எதிரொலித்தது. முதலாளியம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மச்சினன் சிரிப்பை அடக்கவே முயலவில்லை.

லேசர் முடியும்வரை ருசி பார்க்கும் வேலை அவனுக்குப் போனது. பிறகு கண் அழுத்தம் இறங்கி, மாத்திரையும் நின்றது. இரண்டொரு நாளில் நாக்கு ஒரு டம்ளரை எடுத்து உறிஞ்சினார். சுருக்கென்று ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கேஸுதான்” என்றார்.

முதலாளியம்மா இருவரையுமே ருசி பார்க்க வைத்துக்கொண்டார். கேஸைப் பற்றி இப்போது சண்டையே இல்லை. கலர் சோடாவில் சர்க்கரை கூடவா குறைவா என்பதில்தான் தினமும் குடுமிப்பிடி.