ஒரு குறையும் இல்லாதவர்

அவுஸ்திரேலியாவின் நார்த்மீட்டில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. யோகராணி குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைத்தாள். லண்டனில் இறந்துபோன அவளுடைய அண்ணன் ஜெயரட்ணத்தின் மகன் சுஜீதன் திரையில் இருந்தான். சற்று நேரத்தில் அவனுடைய சட்டத்தரணியும் அழைப்பில் சேரவிருந்தார்.

"மாமி, அப்பா நல்லாச் சாப்பிட்டு, நல்லா உடுத்தி, ஒரு குறையுமில்லாமல் இருந்தவர். மிஞ்சின காசைத்தான் உங்களுக்கு அனுப்பினவர். அதை மட்டும் வடிவாச் சொல்லுங்கோ."

அவுஸ்திரேலியாவில் செத்தவர் சொத்துக்கு வரியில்லை, லண்டனில் உண்டு. கடைசி ஏழு வருடங்களில் கொடுத்த காசையும் சொத்தோடு சேர்த்துப் பிடிப்பார்கள். ஆனால் தன் சீவியத்துக்குப் போக மிஞ்சிய வருமானத்தில் ஒழுங்காகக் கொடுத்துவந்தது என்றால் விட்டுவிடுவார்கள். வயிற்றைக் கட்டிக் கொடுத்திருந்தால் விடமாட்டார்கள்.

அவளுடைய புருசன் போன பிறகு, மகள் ராகவியைப் படிப்பிக்க அண்ணன் தன் பென்சனிலிருந்து மாதாமாதம் அனுப்பத் தொடங்கிய காசு அது. படிப்பு முடிந்தும் அவர் நிறுத்தவில்லை. "எனக்கென்ன பிள்ளை செலவு" என்பார். வீடியோவில் வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக இருப்பார். "என்னண்ணை, ஆரும் கலியாணம் பேச வருகினமோ?" என்று அவள் ஒருமுறை பகிடி பண்ணினாள். அவர் இருமி இருமிச் சிரித்தார்.

"பில்லைப் பாத்திட்டு, ஏன் ஹீட்டரே போடேல்லை எண்டு கேப்பினம். அப்பாவுக்குக் குளிர் எண்டால் விருப்பம் எண்டு சொல்லுங்கோ."

"அண்ணைக்கோ? நுவரெலியாக் குளிருக்கே பயந்த மனிசன்."

"மாமி, எனக்கு அவர் விட்டது இந்த வீடு ஒண்டுதான். உங்களுக்குக் குடுத்ததுக்கு நான் இதை வித்து வரி கட்டவோ?"

சட்டத்தரணி வந்தார், தன்மையான வெள்ளைக்காரப் பெண். உங்கள் அண்ணன் வசதியாக வாழ்ந்தாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் யோகராணி சொல்லத் தொடங்கினாள். சின்ன வயதிலேயே அவருக்குக் குளிர் என்றால் விருப்பம். ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டிறைச்சி இல்லாமல் சாப்பிடமாட்டார். நல்ல சப்பாத்து, நல்ல விஸ்கி. யாரும் கேட்காததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, சூடான ஓர் அறையில் வயிறு நிறைந்த அண்ணன் கால் நீட்டி இருப்பது தெரிந்தது. அவளுக்கே நெஞ்சு ஆறியது.

சட்டத்தரணி நன்றி சொல்லிப் போன பிறகும் சுஜீதன் திரையில் நின்றான்.

"நல்லாச் சொன்னியள் மாமி. ஆம்புலன்ஸ்காரர் வரேக்கை அவர் கட்டிலிலை கோட்டோடை விறைச்சுப்போய்க் கிடந்தவர். நியூமோனியா. குசினியிலை பாணும் ஜாமும் மட்டும்தான். உங்களுக்கும் தெரியவேணும் எல்லோ."

"ஏன்ரா முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா இவ்வளவு வடிவாப் பொய் சொல்லியிருப்பியளோ?"

அவனுக்குப் பின்னால் அண்ணனின் வீட்டைத் துப்புரவாக்க வந்த இரண்டு பேர் அவருடைய சாய்கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது வாசலில் சிக்கியது. சரித்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். சுஜீதன் திரும்பி, உடைத்து எடுக்கச் சொன்னான். ஒருவன் காலால் உதைத்தான். தலைகீழாகத் தொங்கிய கதிரையில், ஒரு மெலிந்த உடம்பு இருந்திருந்து விழுந்த பள்ளம் யோகராணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.