இருபத்துநாலு அங்குலம்

என் கண்ணுக்கு டேப் தேவையில்லை. இருபது வருஷமாகத் துணி தைக்கிறேன். ஆள் வாசலில் கால் வைக்கும்போதே தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று மனதுக்குள் எழுதிவிடுவேன். கழுத்தில் டேப் தொங்குவது வந்தவர்களின் திருப்திக்காக. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கண்தான் என்னை மாட்டிவிட்டது.

வீட்டின் முன்னறை என் மெஷினுக்கு, பின்பக்கத் தகரக் கொட்டகை என் வீட்டுக்காரரின் பட்டறைக்கு. அவர் தச்சர். பகலில் கட்டட வேலையிடங்களில் கதவு, ஜன்னல், நிலை. வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. எதைக் கேட்டாலும் இளைப்புளியைத் தள்ளிக்கொண்டே "ம்" என்பார். எந்த "ம்" சரி, எந்த "ம்" முடியாது என்று பிரித்துப் பார்க்கவே எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் பிடித்தது. கல்லுளிமங்கன் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கும் "ம்" என்றார்.

இந்த வருஷ ஆரம்பத்தில், கூரைச் சட்டத்தின் மேல் பல வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு கட்டையை இறக்கினார். ஆப்பு வைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியைச் சுவரோரம் சாத்திவிட்டு, மற்றதை வில்லாகச் செய்யப் போவதாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். வேலையிடத்தில் ஒருத்தர் கேட்டாராம். பொய் சொல்லும்போது இவருக்கு இடது காது சிவக்கும். சிவந்தது. நான் என் மெஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

சீவுகிற வேலையை அவரே பார்த்துக்கொண்டார். வில்லின் முதுகில், அதாவது எய்கிறவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பக்கத்தில், மரத்தின் ஒரே வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓட வேண்டுமாம். அந்த ஒரு வளையத்துக்காக எட்டு நாள் குனிந்தே இருந்தார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார், கயிறு இழுக்க.

கொட்டகைச் சுவரில் ஆள் உயரப் பலகை ஒன்றை அடித்திருந்தார். அதன் உச்சியில் ஒரு தாங்கி. வில்லின் கைப்பிடி அதில் உட்காரும், நாண் கீழே தொங்கும். நாணில் கயிறு, கயிறு கீழே ஒரு கப்பிக்குள் போய் என் கையில் முடியும். நான் இழுக்க இழுக்க நாண் இறங்கும், வில் வளையும். எத்தனை அங்குலம் இறங்கியது என்பதற்குப் பலகையில் கோடுகள். அவர் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, வில்லின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பார். ஒரு இடம் முரண்டு பிடித்தால் அங்கே பென்சிலால் தேய்ப்பார், கீழே இறக்குவார், அரத்தால் நாலு இழுப்பு. மறுபடி மாட்டுவார். நான் முப்பது தடவை மெல்ல இழுத்து விடணும். மரத்துக்குப் பழக்கணுமாம். அதற்கப்புறம்தான் அடுத்த அங்குலம்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், இப்படியே ஒன்றரை மாதம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. இவரும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று கோடு கோடாக இறங்கினோம். இருபத்துநாலில் மட்டும் பென்சிலை அழுத்தித் தடிமனாக ஒரு கோடு போட்டிருந்தார். அதென்ன இருபத்துநாலு என்று கேட்டதற்கு, இந்த வருஷத்திலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"யாருக்குச் செய்யறோமோ அவங்க கை அளவுக்குத்தான் மரத்துக்குச் சொல்லிக் குடுக்கறோம். அதுக்கேத்த மாதிரி வில்லையும் குட்டையா வெட்டியாச்சு. இதுக்கு மேல ரெண்டு மூணு அங்குலம் இழுத்தா ஒடிஞ்சிரும். ஒடிஞ்சா மூஞ்சியிலதான் அடிக்கும்."

அன்று அவர் வேலைக்குப் போன பிறகு, கொட்டகைக் கதவைச் சாத்திப் பின்பக்கம் பார்த்தேன். அங்கே எங்கள் மகளின் அளவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளைக் கதவில் சாய்த்து, கைகளை விரிக்கச் சொல்லி, இரண்டு விரல்நுனியிலும் கோடு போடுவார். கடைசிக் கோடு பதின்மூன்றாவது வயதுக்கு. அதன் கீழே புதுப் பென்சிலில் ஒரு கணக்கு. விரித்த கையின் நீளத்தை இரண்டரையால் வகுத்து, வில் இழுக்கும் அளவு இருபத்துமூன்று என்று வந்திருந்தது. பக்கத்தில் ஒன்றைக் கூட்டி இருபத்துநாலு. அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது.

அவள் பேச்சையே இந்த வீட்டில் நான் நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

பள்ளிக்கூடத்தில் வில்வித்தை சொல்லிக்கொடுத்தார்கள், அவளுக்கு அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. தினமும் பயிற்சிக்கு மைதானத்துக்கு வரணும் என்றார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். என் நாத்தனார், அதாவது இவர் அக்காவின் வீடு மைதானத்துக்குப் பக்கத்துத் தெரு. அவளுக்குப் பிள்ளை இல்லை. "எங்கிட்ட இருக்கட்டுமே" என்று தேன் ஒழுகச் சொன்னாள். நான் முடியாது என்றேன். வீட்டில் சண்டை வெடித்தது. கத்தியது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பெண் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, அத்தை வீட்டில் யாரும் கத்த மாட்டார்கள் என்றாள். போனால் திரும்பி வராதே என்றேன். போய்விட்டாள்.

அன்றைக்கே இவரிடமும் சொன்னேன். "அவளைப் பாக்கப் போனீங்கன்னா நீங்களும் அங்கேயே இருந்துக்குங்க. அவ பேச்சையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது." அவர் "ம்" என்றார். எனக்கு நன்றாகப் புரிந்த "ம்" அது. அன்றிலிருந்து தெருமுனையில் நின்று போனில் அவளோடு இரண்டு வார்த்தை பேசுவார், அது எனக்குத் தெரியும், தெரியாதது போல இருந்துவிடுவேன். ஆனால் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

நான் போனேன்.

நூலும் பட்டனும் வாங்க மாதம் ஒருமுறை மொத்தக் கடைக்குப் போக வேண்டும். மொத்தக் கடைகள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. நான் மைதானத்துக்கு எதிரில் இருக்கும் கடையைப் பிடித்தேன். நூல் அங்கே தரமாக இருக்கும் என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் எப்போதும் ஒரு பழைய வேன் நிற்கும். அதன் பின்னால் கால் மணி நேரம். நாலு வருஷத்தில் ஒரு மாதமும் தவறவில்லை.

என் பிறந்த வீட்டுப் பெண்களுக்கு வளர்த்தி பதின்மூன்று வயதோடு நின்றுவிடும். என் அம்மா அப்படி, நான் அப்படி. இவரும் அதை நம்பித்தான் ஒரே ஒரு அங்குலம் கூட்டியிருக்கிறார். ஆனால் மகள் நெட்டையான இவர் அக்காவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். வீம்புக்கு வளர்ந்தவள் போல, வருஷத்துக்கு ஒன்றிரண்டு கண்ணி வேலிக்கம்பியில் மேலே போனாள். நாத்தனாருக்குத் துணி எடுக்கத் தெரிகிறது, அளவு தெரியவில்லை. பெண்ணுக்கு எப்போதும் மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலேயே சட்டைக் கை நிற்கிறது. அவள் வில்லை இழுத்துக் கன்னத்தோடு பிடித்து நிற்கும்போது, நான் வேனுக்குப் பின்னாலிருந்து அளந்திருக்கிறேன். இருபத்தேழு அங்குலம். என் கண் தப்பாது.

ஆக, கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் கண்ணும் கருத்துமாகச் செய்துகொண்டிருந்தது, எங்கள் மகளின் முகத்தில் உடையப் போகிற ஒரு வில்.

சொல்லியிருக்கலாம். "அவ வளந்துட்டா, இருபத்தேழு வெச்சுக்குங்க." அவ்வளவுதான், ஒரே வரி. அதைச் சொன்னால் நான் எங்கே பார்த்தேன் என்று வரும். எத்தனை தடவை என்று வரும். நாலு வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்ததெல்லாம் என்ன ஆவது? சாப்பாடு போடும்போது வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். ஒருநாள் கயிற்றைப் பிடித்தபடி, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பழக்கலாமே என்று சும்மா சொல்வது போலச் சொன்னேன். போதும் என்றார். வில்லின் நீளம் தாங்காது என்றார். என் கையையும் வில்லையும் பார்த்துச் சிரித்தார். சிரித்து நாளாயிற்று அந்த மனுஷன்.

கடைசிக் காலை வந்தது. வில்லுக்கு எண்ணெய் பூசியாகிவிட்டது. கைப்பிடிக்குத் தோல் சுற்றியிருந்தார், என் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி வெட்டிய தோல். மறுநாள் அந்தப் பக்கம் போகிற ஒரு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பப் போகிறார். தெருமுனையில் நின்று போனில் சொன்னதை நானே கேட்டேன். ஒரே ஒரு தடவை முழு அளவுக்கு இழுத்துப் பார்த்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்.

இழுத்தேன். வில்லின் இரண்டு கைகளும் ஒரே வளைவாக வந்தன. ஒரு குறை சொல்ல முடியாது. எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தவரின் முகத்தில் பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கதவில் நிறுத்தி அளந்தவருடைய முகம் இருந்தது. இருபத்துமூன்று. இருபத்துநாலு.

"போதும், நிறுத்து" என்றார்.

நான் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து இழுத்தேன். "ஏய்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அவர் கை என் கையைத் தொட்டபோது நாண் இருபத்தாறைத் தாண்டியிருந்தது. கொட்டகைத் தகரம் அதிர வில் உடைந்தது. ஒரு துண்டு பறந்துபோய் எதிர்ச் சுவரில், சற்று முன் அவர் தலை இருந்த உயரத்தில் மோதி விழுந்தது.

அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் நினைத்தது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது: யாருக்கென்று இவளுக்குத் தெரிந்துவிட்டது, பெண்ணிடம் போய்ச் சேரவிடாமல் உடைத்துவிட்டாள்.

"இப்ப திருப்தியா?"

"ஆமா" என்றேன். கொடுமைக்காரி என்ற பெயர் எனக்குப் பழக்கம். ஒளிந்து நின்று பார்த்தவள் என்ற பெயரைத்தான் தாங்க முடியாது என்று தோன்றியது. இப்படியும் ஒரு வீம்பு உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு, எங்கள் வீட்டில் உண்டு.

மூன்று வாரம் "ம்" கூட இல்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், எழுந்து போவார். பெண்ணின் பிறந்தநாள் வந்தது, போனது. அதற்கு அடுத்த நாள் சுவரோரம் சாத்தியிருந்த மற்றப் பாதிக் கட்டையை எடுத்தார். அதே குனிந்த முதுகு, அதே எட்டு நாள். ஒன்பதாம் நாள் பலகையில் உடைசலால் கீறிப்போன கோட்டின் மேல் புதுக்கோடு போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இருபத்துநாலில். கட்டையிலும் அறுப்பதற்கு அதே குட்டை நீளத்தைக் குறித்திருந்தார். கயிற்றுக்கு என்னை இனிக் கூப்பிட மாட்டார். ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தார், தனியாகவே இழுத்துக்கொள்ள.

பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து ஒரே தையலை மூன்று தடவை பிரித்தேன். கடைசியில் எழுந்து போய், கோட்டையும் குறியையும் எச்சில் தொட்டு அழித்தேன். துணியில் குறிபோடும் என் நீலச் சாக்பீஸை எடுத்து இருபத்தேழில் கோடு போட்டேன். நான் சட்டைத் துணியில் போடுவது போல ஓரத்தில் ஒரு வளைந்த குறியும் போட்டேன். யார் போட்டது என்று அவர் கேட்கத் தேவையில்லை.

சாயங்காலம் கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். பலகைக்கு முன்னால் நின்றிருந்தார்.

"எப்ப பாத்தே?"

"போன மாசம்."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லா மாசமும்."

ஒடிந்த வில்லின் துண்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை, மூலையில் கட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்தார். எதற்காக உடைத்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் தணியும் என்றுதான் நான் கோடு போடும்போது நினைத்தேன், மடச்சி.

"நாலு வருஷமா எம்பொண்ணு எவ்வளவு வளந்தாள்னுகூட எனக்குத் தெரியாது" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீ போகக் கூடாதுன்னே. நான் போகல."

நாலு வருஷத்தில் ஒருநாளாவது என் பேச்சை மீறி அவர் போயிருப்பார், எனக்குத் தெரியாமல் பார்த்திருப்பார் என்று உள்ளுக்குள் எங்கோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். நானே போனேன்.

சட்டையை மாட்டினார். கிட்டே வந்து என் கழுத்திலிருந்த டேப்பை உருவிச் சுருட்டினார்.

"இருபத்தேழுதாங்க. நான் சரியாத்தான் பாத்தேன்."

"நான் அளந்துக்கறேன்."

டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு முன்னறை வழியாக வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று முனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கவில்லை. உள்ளே மெஷினில் யாருடைய சட்டையோ ஒரு கை தைத்தும் மறு கை தைக்காமலும் கிடந்தது. அளக்க டேப் இல்லை, கண் மட்டும்தான் இருந்தது.