கறுப்புக் கோட்டில் நடந்து வந்த சத்தம்

டெல்மர் ஸ்டக்கியின் ஜெட் கார் உப்புவெளியைக் கடந்து காணாமல் போனது அறுபத்து நான்காம் வருடம் செப்டம்பரில். அதன் சத்தம் பின்னாலேயே வந்து சேர்ந்தது எழுபத்து மூன்றில். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தச் சத்தம் வழியில் இருந்தது. வெண்டோவரில் இதைப் பற்றி யாரும் வாதம் செய்வதில்லை. ஊரின் பாதி யூட்டாவிலும் மறுபாதி நெவாடாவிலும் கிடக்கிறது. இந்தப் பக்கம் தேவாலயம், அந்தப் பக்கம் சூதாட்ட விடுதி. இரு பக்கத்தாரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் இரண்டே இரண்டு. உப்பு ஈரமாக இருக்கும்போது அதில் வண்டியை இறக்கக் கூடாது என்பது ஒன்று. இந்தச் சத்தம் மற்றொன்று.

காருக்கு டெல்மர் வைத்த பெயர் பிஷப். அவனுடைய அப்பா தேவாலயத்தில் பிஷப்பாக இருந்தவர். விமானப்படை கழித்துப்போட்ட போர் விமானத்தின் ஜெட் எஞ்சினை மகன் பழைய இரும்புக் கடையிலிருந்து வீட்டுக்கு இழுத்து வந்தபோது, நரகத்துக்குப் போக இவ்வளவு அவசரமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மகன் சொன்ன பதில்தான் காரின் மூக்கில் எழுதிய பெயர். ஓட்டுவது டெல்மர், மற்றதெல்லாம் அவன் கூட்டாளி ஆர்லோ நீல்ஸன். முக்கியமாகப் பாராசூட்டை மடிப்பது ஆர்லோவின் வேலை. அந்த வேகத்தில் பிரேக் என்பது பேருக்குத்தான். ஓட்டுகிறவன் கைப்பிடியை இழுத்தால் ஒரு சின்ன வெடி வெடித்துப் பாராசூட்டைப் பின்னால் தள்ளும், அது விரிந்தால் கார் நிற்கும், விரியாவிட்டால் நிற்காது. சாதனைக்கு ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஓடிக்காட்டினால் செல்லாது, காற்று தள்ளிவிட்டது என்பார்கள். அதே பாதையில் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பியும் ஓட வேண்டும். அதனால் ஒவ்வொரு குழுவும் இரண்டு பாராசூட் வைத்திருக்கும். போகும்போது விரித்தது உப்புச்சேற்றில் இழுபட்டு நனைந்துவிடும் என்பதால், வரும்போதைக்கு உலர்ந்த துணி ஒன்று. அடுப்பு சுடும் என்று குழந்தைக்குத் தெரிவதுபோல உப்பில் வேலை செய்கிறவன் எவனுக்கும் இது தெரியும்.

அதே உப்பில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்த வெளியில் நிழல் என்பதே கிடையாது, மேலே ஒரு வெயில், தரையிலிருந்து ஒரு வெயில். ஆகவே உலர்ந்த பாராசூட்டை லாரிக்கும் ஒரு கம்புக்குமாக இழுத்துக் கட்டி, அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லாக் குழுவும் செய்ததுதான், ஆர்லோ மட்டும் கண்டுபிடித்த பாவமல்ல. அன்று டெல்மரின் மனைவி ரீவாவுக்குக் கண் கூசித் தலைவலி. அதனால் ஆர்லோ துணியை வழக்கத்தைவிடத் தாழ்வாகக் கட்டினான், ஓரம் தரையில் கிடந்தது. ரீவா ரொட்டியும் பன்றி இறைச்சியும் வெட்டி வைத்துவிட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் எலுமிச்சை சர்பத் கலக்கி மடியில் வைத்திருந்தாள். முதல் ஓட்டத்தின் வேகத்தை ஒலிபெருக்கியில் சொன்னதும் அவள் துள்ளி எழுந்தாள், ஜாடி கவிழ்ந்தது, இருந்த சர்பத்தை எல்லாம் துணியின் ஓரம் குடித்துவிட்டது. அடிக்கிற வெயிலுக்கு அது உடனே காய்ந்தும்விட்டது. அவள் டெல்மரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். ஆர்லோ துணியைத் தொட்டுப் பார்த்தான். சர்க்கரை காய்ந்து, கஞ்சி போட்ட சட்டைபோல விறைத்து ஒட்டிக் கிடந்தது. இன்னொரு பாராசூட் உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது, மூன்றாவது இல்லை, மணி ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கிற காற்றில் ஒட்டினது பிரிந்துகொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மடித்து வைத்தான்.

"என்னடா, துணி நல்லாருக்கா?" என்று டெல்மர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நல்லாருக்கு. பேசாம ஏறு."

கார் திரும்பி வந்தபோது சத்தம் வரவில்லை. உப்புத்தூளின் வெள்ளை வால் ஒன்று கறுப்புக் கோட்டின் மேல் ஓடியது, அவ்வளவுதான். கறுப்புக் கோடு என்பது ஓட்டுகிறவனுக்கு வழி தெரிவதற்காக உப்பின் மேல் எண்ணெயால் போடும் கோடு. காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து நின்ற ஜனங்கள் அப்படியே நின்றார்கள். நேரம் குறிக்கும் ஹைரம் கருவியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், அந்த எண்ணைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பாராசூட் விரியவில்லை. சக்கரத் தடம், வேகத்தைக் கணக்கிட அளந்து குறித்திருந்த மைலைத் தாண்டி, உப்பைத் தாண்டி, சேற்றைத் தாண்டி, சில்வர் ஐலண்டு மலையின் அடிவாரம்வரை நேராகப் போய் நின்றுவிட்டிருந்தது. அங்கே காரும் இல்லை, டெல்மரும் இல்லை, ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை. ஓட்டியவர் திரும்பி வந்து ஒப்பம் வைக்காததால் சாதனை நிலுவையில் உள்ளது என்று சாதனைகளைப் பதிவு செய்யும் சங்கத்தார் தீர்மானம் போட்டார்கள்.

டெல்மர் கைப்பிடியை இழுக்கவே இல்லை என்று ஊர் முடிவு செய்தது. வேகத்தை ருசி கண்டவனுக்கு நிறுத்த மனம் வருமா என்றார்கள். முதலில் அப்படிச் சொன்னவள் ரீவாதான். "இழுக்க மனசு வரல அவனுக்கு. என்னைவிட அது பெருசாப் போச்சு, அவ்வளவுதான்" என்று நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆர்லோ அங்கே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியை யாரோ தட்டில் வைத்து நீட்ட, அதை வாயில் போட்டுக்கொண்டான். துணியைச் சொன்னால் சர்பத்தைச் சொல்ல வேண்டும், சர்பத்தைச் சொன்னால் ஜாடி யாருடையது என்பதும் வரும், பாவம் அவள் எப்படித் தாங்குவாள் என்று நினைத்தான். நல்ல காரணம்தான். ஆனால் அதில் பாதி தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளும் காரணம் என்பது அவனுக்கே தெரியும், அதனால் அன்று முதல் எந்தக் கண்ணாடியின் முன்னும் அவன் அதிக நேரம் நிற்பதில்லை.

இரண்டாம் வருடம் வசந்தத்தில் தண்டவாளம் பழுது பார்க்கும் ஒருவர், டெல்மர் திரும்பி ஓடத் தொடங்கிய கோடியில் கறுப்புக் கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் சத்தம் கேட்டதாக வந்து சொன்னார். போய்ப் பார்த்தார்கள். இருந்தது. கோட்டின் மேல் நின்றால் காது கிழியும், இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. மேயப் போகிற மாடுபோல அவசரமே இல்லாமல் அது கோட்டின் வழியே நகர்ந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் உப்பின் மேல் தண்ணீர் நிற்கும்போது அதன் அடியில் படுத்துக்கொள்ளும், கோடையில் தண்ணீர் வற்றினால் எழுந்து நடக்கும். சால்ட் லேக் சிட்டி பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் கருவிகளோடு வந்து அளந்தார்கள், உப்பு தின்று கருவிகள் கெட்டுப்போனதும் கிளம்பிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய்க் கேட்டுவிட்டு வருவது வழக்கமாயிற்று. முதலில் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு போனார்கள், பிறகு பழகிவிட்டது.

ரீவா ஒரு மடக்கு நாற்காலியோடு போவாள். அதைத் தூக்கிக்கொண்டு ஆர்லோவும் போவான். எஞ்சின் ஊளைக்கு உள்ளே, நன்றாகக் காது கொடுத்தால், டெல்மர் மூக்கால் பாடிக்கொண்டிருப்பது கேட்கும். தேவாலயப் பாட்டுதான், ராகம் மட்டும் அவன் சொந்த ராகம். ரீவா பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் திட்டுவாள். "கூரை ஒழுகுது, கேஸ்காரன் வந்து கத்திட்டுப் போறான், நீ பாட்டுப் பாடு. நல்லாப் பாடு" என்பாள். திட்டி முடித்ததும் முகம் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். நாற்காலியை ஆர்லோ மடிக்காமல் விரித்தபடியே தூக்கி வருவான். மடிப்பது என்ற வேலையே அவனுக்கு ஆகாமல் போயிருந்தது, சட்டைகளைக்கூட ஆணியில்தான் மாட்டினான்.

எட்டாம் வருடம் சத்தம் அளந்த மைலுக்குள் வந்தது. ஹைரம் கிழவர் ஆர்லோவைச் சாப்பாட்டுக் கடையில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா ஆர்லோ, வர்ற கோடையில மைலத் தாண்டிரும் பாத்துக்க. அப்பத் தெரிஞ்சிரும்ல."

"என்ன தெரியும்?"

"இழுத்தானா இல்லையான்னு. இழுத்திருந்தா வெடி கேக்கணும்ல. நெவாடாப் பக்கத்துல பந்தயமே கட்றாங்க. நீயும் கட்டேன், உனக்குத்தான் அவன நல்லாத் தெரியும்."

ஆர்லோ காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த கோடையில் சத்தம் மைலின் முடிவுக்கு வருமுன், ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருந்த ஒரு ஞாயிறு காலை, கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போய்க் கறுப்புக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினான். முழங்கை ஆழத்திலேயே உப்புத்தண்ணீர் ஊறி நிறைந்தது. தண்ணீரைக் கண்டால் அந்தச் சத்தம் படுத்துவிடும் என்பது அவன் கணக்கு. திருட்டு வேலைக்கு அவன் சுத்தமாக லாயக்கில்லாதவன், மண்வெட்டியை அங்கேயே மறந்துவிட்டு வந்தான்.

சத்தம் வாய்க்கால்வரை வந்து நின்றது. படுக்கவில்லை. பின்னால் வருவது முன்னால் நிற்பதன் மேல் ஏறி ஏறிக் குவிந்தது. வெண்டோவரில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின, சூதாட்ட விடுதியில் இயந்திரங்கள் காசு போடாதவனுக்கும் காசைக் கொட்டின. அந்தப் பக்கத்தார் அதைக் கெட்ட சகுனம் என்றார்கள், இந்தப் பக்கத்தார் நியாயம் என்றார்கள். ரீவா நாற்காலியோடு போய் உட்கார்ந்து கேட்டாள். பாட்டின் ஒரே அடியை டெல்மர் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தான். அடுத்த அடி வரவே இல்லை. ஒன்பது வருடமாகத் திட்டியவள் அன்று திட்டவில்லை, அழுதாள்.

"வர மாட்டேங்கிறான் ஆர்லோ. எம் முகத்தப் பாக்கப் பயப்படுறான். பாரு, அங்கயே நின்னுட்டான். செத்தும் எனக்குப் பயந்துக்கிட்டு நிக்கிறான்."

ஆர்லோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குற்றவாளி இங்கே நாற்காலி தூக்கிக்கொண்டு நிற்க, செத்தவன் மேல் இன்னொரு பழியா என்று நினைத்தான். மறந்துவிட்டுப்போன மண்வெட்டி அங்கேயே கிடந்தது. அதை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க வாய்க்காலை மூடத் தொடங்கினான். மூடி முடித்து மிதித்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். சத்தம் ஒருமுறை இருமினதுபோலச் செருமிவிட்டுக் கோட்டின் மேல் நடந்தது. பாட்டின் அடுத்த அடி வந்தது, அதற்கடுத்த அடியும் வந்தது, மைலின் கடைசிக் கம்பத்தைத் தாண்டியது. அப்போது கைப்பிடி இழுபடுகிற உராய்வு கேட்டது, பட்டென்று வெடி கேட்டது. பிறகு எதுவும் விரிகிற சத்தம் இல்லை. பாட்டு நின்றது. மறுபடி உராய்வு, மறுபடி, மறுபடி. பிறகு டெல்மரின் குரல், கோபமே இல்லாமல், சீட்டாட்டத்தில் தப்பான சீட்டைப் போட்ட கூட்டாளியைக் கேட்பதுபோலக் கேட்டது.

"ஆர்லோ, என்னடா மடிச்சு வச்சிருக்க?"

பின்பு அவன் மூக்கால் பாடுவது மறுபடி தொடங்கி, மலைப் பக்கமாக நகர்ந்தது.

ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். "ஈரம் ரீவா. நனஞ்ச துணியப் போய் மடிச்சிட்டேன். பாத்துட்டேதான் மடிச்சேன். அவன் கேட்டான், நல்லாருக்குன்னு சொன்னேன்" என்றான். காய்ந்து ஒட்டிய துணியை ஈரம் என்று சொல்லி, சர்பத்தை மட்டும் மறைத்துவிட்டான்.

ரீவா தன் பாவாடையை முழங்காலின் மேல் நீவிவிட்டாள். "அன்னிக்கு வீட்டுக்குப் போனப்ப என் பாவாடையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "பாவாடையிலயே அவ்வளவுன்னா துணி எவ்வளவு குடிச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதா. அவன் இழுக்கலன்னு நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு." பிறகு, "நீ எனக்காகச் சும்மா இருந்தியா, உனக்காகவா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான்."

"ம். நானும் அப்படித்தான்."

பந்தயப் பணத்தை நெவாடாப் பக்கத்தார் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். டெல்மர் இழுத்தான் என்பது ஊருக்குத் தெரிந்தது, துணி ஈரம் என்று ஆர்லோ சொன்னதும் தெரிந்தது. ஆர்லோவோடு சிலர் பேச்சை நிறுத்தினார்கள், சிலர் கொஞ்ச நாள் கழித்து மறுபடி தொடங்கினார்கள். ரீவாவும் ஆர்லோவும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இரண்டு நாற்காலிகளோடு போகிறார்கள். அவள் டெல்மரைத் திட்டுவதை விட்டுவிட்டாள். வீட்டு விஷயங்களைச் சொல்கிறாள், ராகத்தைத் திருத்துகிறாள். சத்தத்துக்குள்ளிருந்து டெல்மர் கேட்ட கேள்விக்கு ஆர்லோ ஒவ்வொரு வாரமும் பதில் சொல்கிறான், சர்பத்தைச் சேர்த்தே சொல்கிறான், டெல்மர் பாட்டை நிறுத்துவதில்லை. சத்தம் உப்பைத் தாண்டிவிட்டது, சேற்றில் கொஞ்சம் மெதுவாகப் போகிறது, இரண்டு மூன்று கோடையில் மலைக்குள் நுழைந்துவிடும் என்கிறார்கள். அந்தத் தடத்தைக் கடக்கிற லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, அது போகட்டும் என்று நின்று, பிறகு கடக்கிறார்கள்.