வேர் பிடித்த ராட்டினம்

1954ஆம் ஆண்டு ஐப்பசியில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு குன்றில் நின்ற ராட்டினத்தின் குதிரைகள் எல்லாம் கொழுந்து விட்டன. பிடரியில் ஆரம்பித்தது ஒரு வாரத்தில் வால்வரை வந்துவிட்டது. அதைக் கட்டிய ஹட்டன் துணிக்கடைக்காரர் நாகரத்தினத்துக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. கடையில் வேட்டிகள் மடிப்போடு பூஞ்சணம் பிடித்ததையும், கல்யாணப் படத்தில் தன் முகம் மட்டும் ஈரத்தில் கரைந்துபோனதையும் பார்த்த அவர் மனைவி ஜெயலெட்சுமி, டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சொல்லியிருந்தாள்: “இந்த ஈரத்துக்குத் தாங்குற ஒரு பொருளக் காட்டுங்க, இருக்கேன். இல்லாட்டி எங்கப்பா வீட்டுக்குப் போறேன்.” பிறந்த ஊரில் அவளுக்குப் பிடித்தது திருவிழா ராட்டினம். அதனால் வானம் பார்த்த வெளியில் ஒரு விளையாட்டுப் பூங்காவே கட்டிக் காட்டுவதென்று தீர்மானித்து, வருஷா வருஷம் அவளிடம் தவணை வாங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் இரும்பு வாங்கினார். முதல் மழையிலேயே இரும்புக் குதிரைகளுக்குச் சளி பிடித்தது. தும்மித் தும்மிச் செந்தூளாகிக் காற்றோடு போயின. அந்த மாதம் தோட்டத்துத் தேத்தண்ணி முழுக்கத் துரு வாசம். பிறகு சிமெந்தில் ஒரு யானை. அது கடைசிவரை இறுகாமல் சரிவில் மெல்ல மெல்ல இறங்கி, பஸ் நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பலா மரம் காளானாகிக் குழம்புக்குப் போயிற்று. கடைசியாக, தோட்டத்தில் பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைத் தூர்களை வாங்கிக் குதிரை செதுக்கக் கொடுத்தார். தேயிலைக்கு ஈரம் புதிதா என்பது அவருடைய வாதம்.

வாதம் தேவைக்கு மேலேயே சரியாக இருந்தது. கொழுந்தைக் கண்டு பதறி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அம்மாக்கண்ணுவை அழைத்து, எல்லாவற்றையும் உருவி எறியச் சொன்னார். காலமெல்லாம் கொழுந்தெடுத்த கை அது. முற்றிய இலையை விட்டுவிட்டு, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளியது. கிள்ளக் கிள்ளத் துளிர்த்தது. “உருவச் சொன்னா கிள்ளி வச்சிருக்கியே” என்று நாகரத்தினம் கேட்டார். “செடிய மொட்டையடிக்க மனசு வருமாங்க மொதலாளி” என்றாள் அவள். மார்கழியில் குதிரைகள் கால்வழியே வேர் இறக்கின. ராட்டினம் நின்றுவிட்டது.

தை பிறந்ததும் ஜெயலெட்சுமி ரயிலுக்குப் போகிற வழியில், பெட்டியோடு, பார்த்துவிட்டுப் போக வந்தாள். ஒரு குதிரையில் ஏறி உட்கார்ந்து, “சுத்தாததுக்குப் பேரு ராட்டினமாங்க?” என்றாள். நாகரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டி, ஆட்களோடு தண்டைப் பிடித்துத் தள்ளினார். குதிரைகள் அசையவில்லை. அவர்கள் காலடியில் நிலம் பின்னால் போயிற்று. லயங்களும் தேயிலை அரைக்கிற ஸ்டோரும் மாரியம்மன் கோயிலும் வரிசையாக நகர்ந்தன. சிவனொளிபாதமலை அவளுடைய இடப்பக்கம் வந்து, முதுகுக்குப் பின்னால் மறைந்து, வலப்பக்கம் எழுந்தது. அன்று அந்த மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் புறப்பட்ட யாத்திரை பஸ், நேர் எதிர்த்திசையில் இருக்கும் கந்தப்பளையில் போய் நின்றது.

ஜெயலெட்சுமி குதிரையிலிருந்து இறங்கினாள். “மலைதான் அசையுது, குதிர அசையல” என்றாள். “பெட்டிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

அதன் பிறகு பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுற்றுகிறார்கள். மலையைப் பழையபடி விட்டுவிட வேண்டும் என்பது தோட்டத்துத் துரை போட்ட ஒரே நிபந்தனை. சில ஞாயிறுகளில் மலை கொஞ்சம் முன்பின்னாக நின்றுவிடும். அந்த வாரம் லயத்தில் வெயில் பின்பக்கமாக வரும். மிளகாயைப் பின்பக்கம் காயப்போடுவார்கள்.